பால் மரமும் கடைசல் உளியும்

பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் தயாராக இருக்கும்: வாசிப்பு, பூப்பந்து, திரைப்படம், பயணம். நான் "மரம் கடைவது" என்று சொன்னால் மட்டும் கேட்டவர் விழிப்பார். "தயிர் கடைவது தெரியும். அதென்னடி மரம் கடைவது?" என்று அறைத்தோழி ஒருத்தி கேட்டே விட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் நம் மொழி இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லைத்தான் தந்திருக்கிறது. மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத் தயிர் கடைந்தார்கள். மின்சாரம் வருவதற்கு முன் மரத்தையும் அப்படித்தான் கடைந்தார்கள். கட்டையில் சுற்றிய கயிற்றை ஒருவர் இழுக்க, சுழலும் கட்டையில் மற்றவர் உளியை வைத்து உருவம் எடுப்பார். அதுவே கடைசல். திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தின் மரச்செப்புகளும் கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளும் கடைசல் வேலைகளே. அவற்றுக்கு வண்ணம் தீட்டத் தூரிகையே வேண்டியதில்லை. சுழலும் பொம்மைமீது வண்ண அரக்கை அழுத்தினால் உராயும் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இவ்வளவு பழைய கலை நம் வீடுகளில் ஏன் ஒரு பொழுதுபோக்காகக்கூட இல்லை? இதற்கான விடையை என் வீட்டிலேயே கண்டேன்.

குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் பாட்டி முப்பது ஆண்டுக்குமேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், காண்டா வாளி சுமந்து, நிரை நிரையாக மரம் சீவி என் அப்பாவைப் படிக்க வைத்தார். "எங்களோட இந்த உளி போகட்டும். நீங்க பேனா பிடிங்க" என்பதே எங்கள் வீட்டு வேதம். தமிழ்ப்பள்ளியில் படித்தபோதும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோதும் இதையே கேட்டு வளர்ந்தேன். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. வேறு வழியே இல்லாமல் பிடித்த உளி அது. ஆனால் அந்தப் பேச்சோடு சேர்ந்து, கையால் செய்யும் வேலை எல்லாமே தாழ்ந்தது என்ற எண்ணமும் நமக்குள் நுழைந்துவிட்டது. பொறியியல் படிக்கும் மகள் பட்டறையில் உளி பிடிக்கிறாள் என்றதும் அம்மா சொன்னது, "ஆசாரி வேலைக்கா உன்னைப் பல்கலைக்கழகம் அனுப்பினோம்?"

நான் உளி பிடிக்கக் கற்றது மூவாரில். நாட்டின் தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்குள்ள தொழிற்சாலைகளில் கணினி இயக்கும் இயந்திரங்கள் நாற்காலிக் கால்களை வரிசையாகக் கடைந்து தள்ளுகின்றன. நான் போனதோ ஒரு சீனப் பெரியவரின் சிறிய பட்டறைக்கு. படிக்கட்டுத் தூண்களும் பூஜை மேசைக் கால்களும் கடைந்து ஐம்பது ஆண்டுகள் கழித்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. மலாயில் பேசிக்கொண்டோம். பேச்சும் குறைவுதான். என் கைமேல் தன் கையை வைத்து உளியின் சாய்வைத் திருத்துவார், அவ்வளவே பாடம். அவருடைய பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை.

அவர் எனக்குக் கொடுத்த முதல் கட்டை ரப்பர் மரம்! 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு மலாயா முழுவதும் பரவி, நம் முன்னோரைக் கப்பலேற்றி வரவழைத்த அதே மரம். இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் அதை வெட்டிவிடுவார்கள். முன்பெல்லாம் அது பெரும்பாலும் விறகுக்குத்தான் போனது. மாவுச்சத்து நிறைந்த மரம் என்பதால் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைக்கும். போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் இந்த மரம் நிலைக்கும் என்று ஆய்வாளர்கள் கண்டனர். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. 1980-களிலிருந்து விறகுக் கட்டை ஏற்றுமதித் தளவாடமானது. வெளிர்மஞ்சள் நிறமும் சீரான இழையும் கொண்ட இந்த மரம் கடைசலுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும்.

தனிப்பயிற்சி வகுப்பு நடத்திச் சேர்த்த பணத்தில் பழைய கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். எங்கள் வாடகை வீட்டு வாகனக் கூரையின் கீழ் அது நிற்கிறது. சனிக்கிழமை காலையில் தனியாகத்தான் தொடங்கினேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த தோழியர் இருவர், அடுத்த வாரம் நால்வர். இப்போது எட்டுப் பேர் முறைவைத்து வருகிறோம்.

முதல் விதி பாதுகாப்பு. பின்னலைக் கொண்டையாக முடிய வேண்டும். தொங்கும் துப்பட்டாவும் தளர்ந்த சட்டைக் கையும் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். கையுறை அணியவே கூடாது, சுழலும் கட்டை அதைக் கையோடு இழுத்துவிடும். அடுத்தது உளி. முனையை நேராகக் குத்தினால் மரம் உளியைத் தட்டிவிடும். உளியின் சாய்ந்த முகத்தை முதலில் கட்டைமேல் உரசவிட்டு, பிடியை மெல்ல உயர்த்த வேண்டும். சீவல் நாடாபோல் சுருண்டு வரும்போது சத்தமே மாறிவிடும். "காதால் கேள்" என்று பெரியவர் சொன்னதன் பொருள், நான் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தபோதுதான் முழுதாக விளங்கியது. தெரிந்ததைப் பகிர்ந்தால் குறையாது என்பார்கள். என் அனுபவத்தில் அது கூடவே செய்கிறது.

கடந்த பள்ளிவிடுமுறை நாளில், மருந்து ஏற்றாமல் வெயிலில் உலர்த்திய ரப்பர்க் கட்டையில் கீரை மத்து ஒன்று கடைந்து பாட்டியிடம் கொடுத்தேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கட்டையை அடுப்புலதானே வச்சோம்" என்றார். பிறகு என் உளியை வாங்கிக் கட்டைவிரலால் கூர் பார்த்தார். "மொட்டையா இருக்கு பாப்பா. தீட்டுக் கல்லைக் கொண்டா."

அரை மணி நேரம் அவர் தீட்டினார், நான் பார்த்தேன். பட்டையை ஆழமாகச் சீவினால் மரத்துக்குக் காயம், மேலாகச் சீவினால் பால் வராது. அந்த நூலளவு இடைவெளியை இருட்டில் விளக்கொளியில் கண்டவை அந்தக் கைகள். அது வெறும் கூலி வேலையா? கலை இல்லையா? வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா எதுவும் பேசவில்லை. அன்று இரவு அந்த மத்தால்தான் கீரை கடைந்தார்.

நண்பர்களே, பட்டம் பெறுவோம், அலுவலகம் போவோம். அது நம் பெற்றோரின் உழைப்புக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். அதற்காக உளியைக் கண்டு கூச வேண்டியதில்லை. கட்டாயத்தால் பிடித்தது அவர்கள் காலம். விரும்பிப் பிடிக்கும் உரிமையை அவர்களே நமக்கு வாங்கித் தந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் கூடை முடையவோ, பூக் கட்டவோ, உளி தீட்டவோ தெரிந்த கை ஒன்று இருக்கும். அது ஓய்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை இன்னும் இருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், உங்களுக்கும் ஒரு கட்டை காத்திருக்கும்.