கோல் அடித்த காலும் பந்தைக் கொடுத்த கையும்

(எழுதியவர்கள்: பதினோராம் வகுப்பு, கால்பந்தாட்ட அணி)



பள்ளி ஆண்டு மலர் என்றால், வெற்றிக் கோப்பையுடன் நிற்கும் அணியின் புகைப்படமும், அதன்கீழ் 'இடமிருந்து வலம்' என்று பெயர் வரிசையும் இருப்பது வழக்கம். இவ்வாண்டு எங்கள் கால்பந்தாட்ட அணிக்கு அப்படியொரு படம் இல்லை. கோப்பையில்லாத அணி என்ன எழுதப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் தோற்றதையும், தோற்றபின் செய்த தவற்றையும், அத்தவற்றைக் கனடா நாட்டு வீராங்கனை ஒருவர் எங்களுக்கு எப்படி உணர்த்தினார் என்பதையும் எழுத விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு வட்டார அளவிலான போட்டியின் இறுதி ஆட்டம். இரு தரப்பிலும் ஒரு கோல்கூட விழவில்லை. 'டைபிரேக்கர்' என்று நடுவர் அறிவித்தார். பெனால்டி அடிக்க ஐந்து பேரின் பெயரைக் கொடுக்க வேண்டும். நான்கு பெயர் கொடுத்தாயிற்று. ஐந்தாவது யார்? மூத்தவர்களாகிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "எனக்குக் கால் வலிக்கிறது" என்றாள் ஒருத்தி. "என் ஷூ சரியில்லை" என்றாள் மற்றொருத்தி. கடைசியில் அணியிலேயே இளையவளான எட்டாம் வகுப்புத் தங்கையை முன்னே தள்ளினோம். "நீதான் நன்றாக அடிப்பாய், போடி" என்றோம். அவளும் எங்களை நம்பிப் போனாள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. கோப்பையும் பறந்தது.

திரும்பும்போது பேருந்தில் அவள் பக்கத்தில் நாங்கள் யாரும் உட்காரவில்லை. மறுநாள் முதல் அவள் திடலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்கவுமில்லை.

இந்த ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மாலை நல்ல மழை. திடல் முழுவதும் தண்ணீர். விளையாட்டுக்குப் பொறுப்பான அருட்சகோதரி எங்களை வகுப்பறைக்கு அழைத்துப்போய், பெரிய திரையில் ஓர் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். 2020-ஆம் ஆண்டு நடைபெற வேண்டியிருந்து, பெருந்தொற்றால் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பெண்கள் கால்பந்தாட்ட அரையிறுதி. கனடாவும் அமெரிக்காவும் மோதின. அமெரிக்காவைக் கனடா வென்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்டம் முடியக் கால்மணி நேரம் இருக்கையில் கனடாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பன்னிரண்டாம் எண் சட்டையணிந்த அணித்தலைவி பந்தைக் கையில் எடுத்தார்.

சிஸ்டர் படத்தை நிறுத்தினார். "இவர் யார் தெரியுமா, பிள்ளைகளே?" என்று கேட்டார். எங்களில் எவருக்கும் தெரியவில்லை. அன்று அவர் சொல்லக் கேட்டதும், பின்னர் நாங்களே தேடிப் படித்ததுமே இங்கு எழுதியுள்ளவை.

அவர் பெயர் கிறிஸ்டீன் சின்க்ளேர். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரை அடுத்த பர்னபி நகரில் 1983-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் பிறந்தவர். நான்கு வயதிலேயே பந்தை உதைக்கத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் போர்ச்சுக்கல் நாட்டில் நடந்த அல்கார்வ் கோப்பைப் போட்டியில், சீனாவுக்கு எதிராக, நாட்டின் சட்டையை முதன்முறையாக அணிந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. இன்று எங்களில் பலருக்கு உள்ள வயதுதான்! அதே போட்டியில் நார்வேக்கு எதிராகத் தம் முதல் கோலையும் அடித்தார்.

2002-இல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான முதல் உலகப் போட்டி கனடாவிலேயே நடந்தது. சின்க்ளேர் 10 கோல்கள் அடித்து, மிகுதியான கோல்களுக்கான விருதையும் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதையும் சேர்த்தே பெற்றார். ஆனால் இறுதி ஆட்டத்தில் எட்மன்டன் நகரில், தம் நாட்டு மக்கள் பல்லாயிரவர் பார்த்திருக்க, கனடா 1-0 எனத் தோற்றது. விருதும் தோல்வியும் ஒரே மேடையில் வரும் என்பதை அவர் இளவயதிலேயே கண்டுவிட்டார்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாட்டுக்காக ஆடியபோது அவர் படிப்பைக் கைவிட்டுவிடவில்லை. அமெரிக்காவில் திருச்சிலுவைச் சபைக் குருக்களின் மரபில் வளர்ந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான போர்ட்லாண்ட் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் படித்துப் பட்டம் பெற்றார். 2002-இலும் 2005-இலும் அப்பல்கலைக்கழகம் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வெல்ல அவரே முதற் காரணமானார். 2005-ஆம் ஆண்டு பருவத்தில் மட்டும் அவர் அடித்தவை 39 கோல்கள்.

முன்கள ஆட்டக்காரரின் வேலை கோல் அடிப்பது. அதை அவரைப்போல் செய்தவர் உலகில் எவருமில்லை. 2020 ஜனவரி 29 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் செயின்ட் கிட்ஸ் அணிக்கு எதிராக 184-ஆம், 185-ஆம் கோல்களை அடித்து, அமெரிக்க வீராங்கனை ஆபி வாம்பக்கின் 184 கோல் சாதனையை முறியடித்தார். தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றபோது 331 ஆட்டங்களில் 190 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன. ஆண்கள், பெண்கள் இருவகை ஆட்டங்களிலும் சர்வதேச அளவில் இந்த எண்ணிக்கையை வேறெவரும் எட்டியதில்லை.

இவ்வளவு கோல் அடித்தவர் தோல்வியையே அறியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் பெர்லினில் நடந்தது. ஜெர்மனி வீராங்கனை ஒருவரின் முழங்கை பட்டு அவருடைய மூக்கு எலும்பு முறிந்தது. வெளியே போகாமல் மீண்டும் களத்தில் இறங்கி, ஃபிரீ கிக்கில் அழகிய கோல் ஒன்றை அடித்தார். ஆனாலும் கனடா தோற்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, பதினாறு அணிகளில் கடைசி இடத்துடன் ஊர் திரும்பியது.

அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக். மான்செஸ்டரில் அமெரிக்காவுடன் அரையிறுதி. சின்க்ளேர் மூன்று கோல் அடித்துத் தம் அணியை மூன்று முறை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். மூன்று முறையும் அமெரிக்கா சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் 4-3 எனக் கனடா தோற்றது. நடுவரின் முடிவுகள் குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. ஆட்டத்துக்குப் பின் நடுவரிடம் நடந்துகொண்ட விதத்துக்காக சின்க்ளேருக்கு நான்கு ஆட்டங்கள் தடையும் விதிக்கப்பட்டது. யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? ஆயினும் மூன்று நாள் கழித்து அதே அணி பிரான்ஸை வென்று வெண்கலம் பெற்றது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கிலும் பிரேசிலை 2-1 என வென்று மீண்டும் வெண்கலம். அன்றைய இரண்டாவது கோல் சின்க்ளேருடையது.

இனி எங்கள் கதைக்குத் தொடர்புள்ள இடத்துக்கு வருகிறோம். 2019 உலகக் கோப்பை, பாரிஸ் நகர். ஸ்வீடன் 1-0 என முன்னிலையில் இருக்க, கனடாவுக்கு பெனால்டி கிடைத்தது. வழக்கமாக அடிக்கும் சின்க்ளேர், இளைய வீராங்கனை ஜனின் பெக்கியிடம், "நீ அடிக்கிறாயா?" என்று கேட்டுப் பந்தை விட்டுக்கொடுத்தார். பெக்கி அடித்த பந்தை கோல் கீப்பர் தடுத்துவிட்டார். கனடா வெளியேறியது. 'அத்தனை கோல் அடித்தவர் தாமே அடித்திருக்கக் கூடாதா?' என்று கேட்கத் தோன்றும் அல்லவா? எங்களுக்கும் தோன்றியது.

இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோவில், அரையிறுதிக்கு முந்திய ஆட்டத்தில், பிரேசிலுடன் பெனால்டி முறை வந்தது. இம்முறை முதலாவதாக அடிக்கச் சென்றவர் சின்க்ளேரே. அவர் அடித்ததை கோல் கீப்பர் தடுத்தார்! ஆனால் அவருடைய தோழியர் நால்வரும் கோல் அடித்தார்கள். கனடாவின் கோல் கீப்பர் ஸ்டெஃபனி லபே இரண்டைத் தடுத்தார். தலைவியின் தவற்றை அணி சுமந்தது. அந்த அணியில் ஜனின் பெக்கியும் இருந்தார். அதே ஒலிம்பிக்கில் சிலி நாட்டுக்கு எதிராகக் கனடா அடித்த 2 கோல்களும் அவர் அடித்தவையே. பாரிஸில் தவறவிட்டவரை எவரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை!

இதைச் சொல்லிவிட்டு சிஸ்டர் மறுபடி படத்தை ஓடவிட்டார். பந்தைக் கையில் எடுத்த சின்க்ளேர் நடந்துபோய் அதை இருபத்து மூன்று வயது ஜெசி ஃபிளெமிங்கிடம் கொடுத்தார். ஃபிளெமிங் அடித்தார். கோல்! 1-0 எனக் கனடா இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. ஸ்வீடனுடனான இறுதியில், சின்க்ளேர் தள்ளப்பட்டதால் கிடைத்த பெனால்டியையும் ஃபிளெமிங்கே அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். ஆட்டம் முடியுமுன் சின்க்ளேர் மாற்றப்பட்டு வெளியே வந்துவிட்டார். பெனால்டி முறையில் வெற்றியைத் தேடித்தந்த கடைசி உதையை அடித்தவர் ஜூலியா குரோஸோ. சின்க்ளேர் நாட்டுக்காக ஆடத் தொடங்கிய அதே 2000-ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர்! உலகிலேயே மிகுதியான கோல் அடித்தவர் தம் ஒரே ஒலிம்பிக் தங்கத்தை, கோட்டுக்கு வெளியே நின்று, இளையவர்களின் கால்களால் பெற்றார்.

வகுப்பறையில் விளக்கைப் போட்டதும் சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவரும் இளையவளிடம் பந்தைக் கொடுத்தார். நீங்களும் இளையவளிடம் பந்தைக் கொடுத்தீர்கள். இரண்டும் ஒன்றா?"

எங்களில் எவருக்கும் தலை நிமிரவில்லை. அவர் நம்பிக்கையால் கொடுத்தார். நாங்கள் பயத்தால் கொடுத்தோம். பாரிஸில் பந்து உள்ளே போகாதபோதும் அவர் கொடுத்ததைக் கொடுத்ததாகவே வைத்திருந்தார். நாங்களோ பந்து கம்பத்தைத் தாண்டியதும் பழி முழுவதையும் அந்தப் பிள்ளையின் தலையில் வைத்தோம். அவள் ஒரு பெனால்டியைத்தான் தவறவிட்டாள். நாங்கள் அவளையே தவறவிட்டோம்.

மறுநாள் மதிய இடைவேளையில் நாங்கள் பதினொரு பேரும் அவள் வகுப்புக்குச் சென்றோம். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. எங்களைக் கண்டதும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "இனிமேல் பெனால்டி வந்தால் யார் அடிப்பீங்க, அக்கா?" என்று கேட்டாள். சிஸ்டர் கேட்ட கேள்வியைவிட அது கடினமாக இருந்தது. எங்கள் அணித்தலைவி, "முதலில் நான் அடிப்பேன். உனக்கு விருப்பமிருந்தால் மட்டும் உன்னிடம் கொடுப்பேன். போனாலும் போகட்டும்" என்றாள். அவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் மாலை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு திடலுக்கு வந்தாள்.

சின்க்ளேரின் கதையில் இன்னும் சிறிது உண்டு. 2023 மார்ச் மாதம், பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கு நிகரான ஊதியமும் வசதியும் வேண்டுமென்று, கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் தோழியருடன் சென்று பேசினார். இயல்பாகவே கூச்ச சுபாவம் உள்ளவர், பின்னால் வரப்போகும் பெண்களுக்காக வாய் திறந்தார். அதே ஆண்டு ஜூலையில், நாற்பது வயதில், தம் ஆறாவது உலகக் கோப்பையில் ஆடினார். மெல்போர்னில் நைஜீரியாவுக்கு எதிராகக் கிடைத்த பெனால்டியைத் தாமே அடித்தார். உள்ளே போயிருந்தால் ஆறு உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் மனிதராகியிருப்பார். நைஜீரிய கோல் கீப்பர் தடுத்துவிட்டார். கனடா அந்தப் போட்டியின் முதல் சுற்றோடு வெளியேறியது.

ஆனால் அவரது நாடு அந்த ஒரு உதையை வைத்து அவரை அளக்கவில்லை. 2023 டிசம்பர் 5 அன்று வான்கூவரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் இறுதி ஆட்டத்தை ஆடினார். அன்று ஒருநாள் அந்த விளையாட்டரங்கத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. 48,112 பேர் கூடி அவரை வழியனுப்பினார்கள். கனடா 1-0 என வென்றது. அந்த ஒரு கோலையும் அவர் அடிக்கவில்லை. வேறொரு தோழர் அடித்தார். இப்போது எங்களுக்கு அது வியப்பாக இல்லை.

தோழியரே, இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது இவ்வாண்டுப் போட்டி தொடங்கியிருக்கும். அடுத்த மலரில் எங்கள் படம் வருமோ வராதோ, அதை நாங்கள் அறியோம். ஒன்றை மட்டும் எழுத்தில் தருகிறோம். வென்றாலும் தோற்றாலும், திரும்பி வரும் பேருந்தில் எங்களில் எவள் பக்கத்து இருக்கையும் காலியாக இருக்காது.