ஸப்பில் நிற்க ஆள் வேண்டும்

துணுக்காயிலிருந்து மாங்குளம் வந்து, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு வீதியில் சென்றால் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்னும் முஸ்லிம் ஊர்களைக் காண்பீர்கள்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இவ்வூர்களும் வெறிச்சோடின. பாங்கு சொல்ல ஆளில்லை. மையவாடியில் ஸலாம் சொல்லவும் ஆளில்லை. பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். 2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினரே திரும்பினர். பிள்ளைகள் பலர் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

சுவரும் மினாராவும் மட்டும் பள்ளிவாசலாகிவிடாது. ஐவேளையும் ஸப்பில் நிற்க ஆள் வேண்டும். ஆகவே தாய்மார்களே, விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பாட்டனார் தொழுத இடத்தில் இரண்டு ரக்அத் தொழச் செய்யுங்கள். அந்த ஊர் அவர்களுக்கும் சொந்த ஊராகட்டும், இன்ஷா அல்லாஹ்!