இருவர் பாட, எல்லாரும் இழுக்க

இங்கிலாந்தில் முப்பது நாற்பது வருடமாக வாழும் தமிழர்களிடம், ஆங்கிலேயரின் பாட்டு எது என்று கேட்டால் பீட்டில்ஸ் என்பார்கள், கிறிஸ்துமஸ் கீதம் என்பார்கள், கால்பந்து மைதானத்தில் எழும் கூட்டுப்பாட்டைச் சொல்வார்கள். இந்த மண்ணில் ஏர் உழுதவரும் மீன் பிடித்தவரும் பாடிய பாட்டை அநேகமாக யாரும் சொல்லமாட்டார்கள். வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வார இறுதியில் கோயில் அல்லது கலியாண வீடு என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த தெருப் பப்பின் மாடியறையில் வாரநாள் இரவொன்றில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

எட்டிப் பார்ப்பவருக்கு இங்கிலாந்தின் இன்னொரு முகம் தெரியும். நாற்பது ஐம்பது நாற்காலிகள் போட்டிருக்கும். உயர்ந்த மேடை இருக்காது, ஒலிபெருக்கியும் பெரும்பாலும் இருக்காது. முதலில் உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒன்றிரண்டு பாட்டுப் பாடுவார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை இருப்பார், தச்சர் இருப்பார், மருத்துவமனைத் தாதி இருப்பார். பிறகு அன்றைய விருந்தினர் வருவார்கள். பல நாட்களில் அது ஒரு ஜோடி: கணவன் மனைவியோ, அண்ணன் தங்கையோ, பழைய நண்பர்கள் இருவரோ. ஒருவர் மடியில் கன்சர்ட்டினா. அறுகோண முகம் கொண்ட இரண்டு மரப்பலகைகளும், அவற்றுக்கு நடுவே விரிந்து சுருங்கும் துருத்தியும், விரல்நுனிக்குச் சிறுசிறு பொத்தான்களும் உள்ள வாத்தியம் அது. மற்றவர் கையில் கிடார், அல்லது வெறுங்கை. ஒருவர் முதல் அடியை எடுக்க, மற்றவர் அதற்குக் கீழே தன் குரலைச் சேர்க்கிறார். பின்பாட்டு வந்ததும் அறை முழுவதும் பாடுகிறது. பாட்டுத் தெரியாமல் வந்தவரும் இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொள்கிறார். இடைவேளையில் ராஃபிள் சீட்டு விற்பார்கள். அந்தக் காசு மாடியறை வாடகைக்கும் பாடகர் கூலிக்கும் உதவும்.

இந்த மாடியறைகள் ஊர் ஊராகப் பெருகியது 1950களிலும் 60களிலும். அதற்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: ஏ. எல். லாயிட், யூவன் மெக்கால். இருவரும் சேர்ந்து பழைய கதைப்பாடல்களையும், மாலுமிகளின் வேலைப்பாட்டான ஷாண்டிகளையும், திமிங்கில வேட்டைப் பாடல்களையும் வரிசையாக இசைத்தட்டில் பதித்தார்கள். இன்றும் துறைமுகப் பப்புகளில் பாடும் பல ஜோடிகளின் பாடல் பட்டியலில் சில பாட்டுகள் அந்த இசைத்தட்டுகளின் வழியில் வந்தவை.

புலம்பெயர்ந்தவர் இந்த இருவரின் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். லாயிட் 1908இல் லண்டனில் பிறந்தவர். நோயால் குடும்பம் சிதைய, 1924இல் உதவிப் பயணத் திட்டம் ஒன்றில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவர் இன்னும் பையன். நியூ சவுத் வேல்ஸின் ஆட்டுப் பண்ணைகளில் கூலி வேலை செய்தார், கூட வேலை செய்தவர்கள் பாடிய பாட்டுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். 1930களில் ஊர் திரும்பியபோது இங்கே வேலையில்லாத் திண்டாட்டம். 1937இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் சேர்ந்து அண்டார்டிக் கடலுக்குப் போனார். ஜான் ஹூஸ்டன் 1956இல் எடுத்த 'மோபி டிக்' படத்தில் ஷாண்டி பாடும் மாலுமியாக வருபவர் இவர்தான்.

மெக்கால் 1915இல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தவர். இயற்பெயர் ஜேம்ஸ் மில்லர். பெற்றோர் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்திலிருந்து தெற்கே வந்தவர்கள். தகப்பன் இரும்பு வார்ப்புத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். தாய் வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்தவர். மகனுக்குப் பாட்டு வந்தது அந்த இருவரின் வாயிலிருந்து. அந்நிய ஊரின் புகை படிந்த தெருவில், பிறந்த ஊரின் பாட்டைப் பெற்றோர் பாடக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். ஆக, ஆங்கிலேயருக்கு அவர்களின் பாட்டை மறுபடி எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் நாடு கடந்து போய்த் திரும்பியவர், மற்றவர் குடியேறிகளின் மகன். இதைச் சொல்லாமல் இந்தப் பாட்டின் கதையைச் சொல்ல முடியாது.

ஷாண்டி வேலைக்காகப் பிறந்த பாட்டு. பாய்மரக்கப்பலில் பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமல், பெரிய கப்பல்களில் டன் கணக்கில் எடை வரும். ஆஞ்சான் கயிற்றைப் பத்துப் பதினைந்து பேர் பிடித்து இழுத்தால்தான் அது மேலேறும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாது. முன்பாட்டுக்காரர் ஒரு அடியைத் தனியாகப் பாடுவார், அந்த நேரம் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பிடியை மாற்றுவார்கள். பின்பாட்டை எல்லாரும் பாடும்போது, குறிப்பிட்ட இரண்டு சொல்லில் உடம்பின் முழுப் பாரத்தையும் கயிற்றில் போடுவார்கள். நங்கூரம் தூக்குவது வேறு மாதிரி. சுழலுருளையில் செருகிய தடிகளை நெஞ்சால் தள்ளியபடி சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும், மணிக்கணக்கும் ஆகலாம். அதனால் அந்தப் பாட்டுகளுக்கு நடையின் தாளமும் நீண்ட பின்பாட்டும் உண்டு. கசிந்து உள்ளே வரும் தண்ணீரைப் பம்பு அடித்து வெளியேற்றத் தனிப் பாட்டுகள் இருந்தன. பயணத்தின் கடைசியில் பாடும் பாட்டில் கப்பல்காரரின் கஞ்சத்தனத்தையும் புழுத்த சாப்பாட்டையும் சொல்லித் திட்டலாம். மற்ற நாட்களில் வாய் திறந்தால் தண்டனை, பாட்டில் சொன்னால் மன்னிப்பு.

பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் ஷாண்டிக்கு இடமில்லை. அங்கே ஆள்பலம் அதிகம், சீழ்க்கைக்கும் பிடில் ஒலிக்கும் வேலை நடந்தது. வணிகக் கப்பலில் முதலாளி கூலியை மிச்சம் பிடிக்க ஆளைக் குறைத்தார். இருபது பேர் வேலையைப் பத்துப் பேர் செய்ய வேண்டிய இடத்தில்தான் ஷாண்டி தழைத்தது.

ஆங்கிலேயப் பாட்டு என்று பெயர் வாங்கிய இது, பல நாட்டவர் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்காவின் மொபீல், நியூ ஓர்லியன்ஸ் துறைமுகங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் திருகுதூக்கிகளால் பஞ்சுப் பொதிகளைக் கப்பல் வயிற்றுக்குள் நெருக்கி அடுக்குவார்கள். அந்த வேலையில் அவர்கள் பாடிய அழைப்பும் பதிலுமான பாட்டுமுறை, பக்கத்தில் வேலை செய்த வெள்ளைக்கார மாலுமிகளிடம் தொற்றியது. அயர்லாந்துக்காரர்கள் மெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து ஒரு பெரும்பங்கு வந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் லஸ்கர் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான இந்திய மாலுமிகள் உழைத்தார்கள். ஸ்டான் ஹியூகில் 1961இல் வெளியிட்ட பெரிய ஷாண்டித் தொகுப்பில், அவர்களிடமிருந்து வந்த, இந்துஸ்தானிச் சொற்கள் கலந்த பாட்டும் இருக்கிறது.

ஹியூகில் கப்பலில் வேலைக்காகவே ஷாண்டி பாடியவர்களில் கடைசித் தலைமுறை. அவர் வேலை செய்த 'கார்த்பூல்', பிரிட்டனின் கடைசி நெடுங்கடல் பாய்மர வணிகக் கப்பல்களில் ஒன்று, 1929இல் கேப் வெர்டே தீவுகளுக்கு அருகே தரைதட்டி அழிந்தது. தனக்குப் பல பாட்டுகளைக் கற்றுத் தந்தவர் பார்படோஸ் தீவைச் சேர்ந்த ஹார்டிங் என்ற மாலுமி என்று அவர் பெயர் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பாவில் பாய்மர வணிகம் ஓய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' தமிழ் மாலுமிகளுடன் அட்லாண்டிக்கைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. பாய்மரத்தோடு மல்லுக்கட்டிய கைகளில் தமிழரின் கைகளும் உண்டு.

சாமர்செட் மாவட்டத்தின் வாச்செட் துறைமுகத்துக்குப் போனால், கரையோர நடைபாதையில் கிழவர் ஒருவரின் வெண்கலச் சிலை இருக்கும். அவர் ஜான் ஷார்ட். 1839இல் பிறந்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் அந்த நாட்டுக் கப்பலில் வேலை செய்ததால் 'யாங்கி ஜாக்' என்று பெயர் பெற்றார். கடலை விட்டு வந்தபின் ஊரில் மணியடித்து அறிவிப்புச் சொல்லும் வேலை பார்த்தார். 1914இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் அவரைத் தேடிப்போனார். எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷாண்டிகளைப் பாடிக் காட்டினார், குரல் இன்னும் கணீரென்று இருந்தது. ஷார்ப் அந்த ஆண்டே வெளியிட்ட ஷாண்டித் தொகுப்பின் பெரும்பகுதி அவரிடமிருந்து வந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து இன்றைய பாடகர்கள் சேர்ந்து அந்தப் பாட்டுகளை மூன்று குறுந்தட்டுகளில் மறுபடி பாடினார்கள்.

மெக்காலுக்குக் கிடைத்தவர் சாம் லார்னர். நார்ஃபோக் மாவட்டத்தின் விண்டர்ட்டன் ஊரில் 1878இல் பிறந்து, சிறுவயதிலேயே ஹெரிங் மீன் பிடிக்கக் கடலேறியவர். அவரது பேச்சையும் பாட்டையும் வைத்து மெக்கால், பாடகி பெக்கி சீகர், வானொலித் தயாரிப்பாளர் சார்ல்ஸ் பார்க்கர் மூவரும் 1960இல் பிபிசி வானொலிக்கு 'சிங்கிங் த ஃபிஷிங்' என்ற நிகழ்ச்சியை உருவாக்கினார்கள். அதற்கு இத்தாலியின் பிரி இத்தாலியா விருது கிடைத்தது. மீன் கூட்டம் வடக்கிலிருந்து தெற்கே நகர, ஸ்காட்லாந்துப் பெண்கள் அதன் பின்னாலேயே துறைமுகம் துறைமுகமாக வந்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மீன் அறுத்து உப்பிட்டு வாழ்ந்த காலத்தில்தான் லார்னர் கடலில் இருந்தார். யார்மத் ஊரில் அவர்களும் பருவத்துக்கு வந்து போகும் கூலிகள்தான்.

இந்தப் பாட்டுகளில் வரும் இங்கிலாந்து, குடியுரிமைத் தேர்வுப் புத்தகத்தில் வரும் இங்கிலாந்து அல்ல. பப்பில் இருந்தவனைக் கடற்படை ஆட்கள் பலவந்தமாகப் பிடித்துப் போன கதை இதில் இருக்கிறது. நிலத்துக்காரரின் காட்டில் முயல் பிடித்த குற்றத்துக்கு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவனின் அழுகை இருக்கிறது. கணவன் வருவானா என்று தெரியாமல் கரையில் நின்ற பெண் இருக்கிறாள். பேரரசு உலகமெங்கும் பரவிய காலத்தில் அதன் அடித்தட்டில் நசுங்கிக் கிடந்தவர்களின் குரல் இது. அரசர்களின் வரலாற்றை மட்டும் படித்துவிட்டு இந்த நாட்டில் வாழ்வதைவிட, இந்தக் குரலைக் கேட்டு வாழ்வது மேல். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முப்பாட்டனைப் பற்றி அது சொல்லும்.

யார் எதைப் பாடலாம் என்ற சண்டையும் இங்கே நடந்திருக்கிறது. மெக்காலின் சிங்கர்ஸ் கிளப் என்ற பாட்டு மன்றத்தில், மேடையேறுபவர் தன் சொந்த மொழியின், சொந்தப் பண்பாட்டின் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அமெரிக்கப் பாட்டைப் பார்த்து நகல் எடுக்காமல் ஒவ்வொருவரும் தத்தம் வேரைத் தேடட்டும் என்பது நோக்கம். பலர் கோபப்பட்டார்கள், பலர் தங்கள் பாட்டி பாடியதைத் தேடிப் போனார்கள். லாயிட் தன் பங்குக்குப் பல பழைய பாட்டுகளில் தானே வரிகளை மாற்றியும் சேர்த்தும், அப்படிச் செய்ததைச் சொல்லாமல் விட்டதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். தூய்மை பேசிய இயக்கத்துக்குள்ளேயே இத்தனை கைவேலை நடந்திருக்கிறது. பாடுபவரின் பிறப்பைப் பாராமல் பின்பாட்டில் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் இன்றைய மாடியறைகளின் வழக்கம்தான் இந்தப் பாட்டின் உண்மையான குணத்தோடு பொருந்துகிறது.

2021இன் தொடக்கத்தில், கொரோனா ஊரடங்கில், ஸ்காட்லாந்துத் தபால்காரர் நேதன் எவன்ஸ் டிக்டாக்கில் பாடிய நியூசிலாந்துத் திமிங்கிலப் பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. வீட்டுக்குள் தனித்து அடைபட்டிருந்தவர்கள் ஆளுக்கொரு குரலைச் சேர்த்து அனுப்பினார்கள். லண்டன் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் ஷாண்டி அறிமுகமானது அப்போதுதான்.

அந்தப் பிள்ளைகளின் பாட்டன்மாரில் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கரைவலை இழுத்தவர்கள் உண்டு. அங்கே அம்பா பாடுவார்கள். ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் ஏலேலோ சொல்லி வலைக்கயிற்றை இழுப்பார்கள். ஆஞ்சான் கயிற்றில் நடந்த அதே வேலைப் பங்கீடு, அதே மூச்சு, அதே சொல்லில் விழும் பாரம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கர்நாடக சங்கீதம் இருக்கிறது, பரதம் இருக்கிறது. அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்துச் சிறப்பாகச் செய்கிறார்கள். அம்பாவுக்கு அங்கே இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. ஒதுக்க வேண்டும்.

அதற்கு வழிகாட்டி லண்டனிலேயே இருக்கிறது. காம்டனில் 1930இல் திறந்த செசில் ஷார்ப் இல்லத்தின் நூலகம், ஆங்கில நாட்டுப்பாடல் பட்டியல் ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் தொகுத்தது அது. இன்று தமிழர் நிறைந்து வாழும் குரோய்டனில்தான் அவர் நூலகராக இருந்தார். அட்டைகளில் குறிப்பெடுத்துத் தொடங்கிய வேலை, சுமார் 25,000 பாட்டுகளுக்கு இரண்டரை லட்சம் குறிப்புகளாக வளர்ந்து நிற்கிறது. யார் பாடினார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கேட்டு எழுதினார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் விவரம் உண்டு. அம்பாவின் வரிகளை ஈழத்து ஆய்வாளர்கள் ஏற்கெனவே தொகுத்திருக்கிறார்கள். வரிகளோடு சேர வேண்டியது குரலும் இழுவையும். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் குரோய்டனிலும் எழுபது எண்பது வயதில் இருக்கும் மனிதர்களிடம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியை நீட்டி, யாருடைய வலை, எந்தக் கரை, எந்தச் சொல்லில் இழுத்தீர்கள் தாத்தா என்று கேட்டுப் பதிந்தால், அப்படியொரு பட்டியலை இந்த வருடமே தொடங்கிவிடலாம்.