கயிற்றின் அளவு

சிலாபத்திலிருந்து புத்தளம் வீதியில் வடக்கே சென்று, பத்துளுஓயாவில் கடலை நோக்கித் திரும்பினால், ஆண்டிமுனையைக் கடந்து உடப்பை அடையலாம். ஒருபுறம் கடல், மறுபுறம் முந்தல் களப்பு. இரண்டுக்கும் நடுவே மணலில் அமைந்த தமிழூர் இது. ஆடி மாதத்தில் திரௌபதியம்மன் கோயில் தீமிதிப்பைக் காண வருவோர் பலர். நாம் சென்றதோ விழாக் காலத்தில் அன்று. கடலோரமாகப் பற்றை மண்டிக் கிடந்த தென்னங்காணி ஒன்றை வாங்கியிருந்த நண்பருக்குத் துணையாகச் சென்றோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் அவர் அதிலேயே இட்டிருந்தார்.

பன்றிகளை விட்டுக் காணியைத் துப்புரவாக்கலாம் என்பது நண்பரின் எண்ணம். அதில் பிழை ஒன்றும் இல்லை. பன்றியின் மூக்கு உயிருள்ள கலப்பை. அது தழையைத் தின்பதோடு நில்லாது, கோரைக்கிழங்கையும் வேரையும் கிளறி எடுத்து உண்ணும். இங்கிலாந்தின் நியூ பாரஸ்ட் காட்டில் இன்றும் இலையுதிர் காலத்தில் பன்றிகளை அவிழ்த்து விடுகின்றனர். ஓக் மரத்தின் பச்சைக் காய்கள் அங்கு மேயும் மட்டக்குதிரைகளுக்கு நஞ்சு. பன்றிகளோ அவற்றைத் தின்று தீர்க்கின்றன. ஆயினும், நிலத்தைத் தோண்டிப் பாழாக்காதபடி அவற்றின் மூக்கில் வளையம் இடுவது அங்கே வழக்கம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வளவு ஆச்சி சிரித்தார். “இது களிமண் இல்லையே, தம்பி! பன்றி கிளறிய மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு மாட்டைக் கட்டுங்கள், போதும்” என்றார்.

ஆச்சி சொன்னது அனுபவப் பாடம். தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 64 மரங்கள் நிற்கும். அவற்றின் நடுவே வெயில் விழும் இடமெல்லாம் புல்லும் பற்றையும் வளரும். முளையடித்துக் கட்டிய மாடு அந்தப் புல்லைத் தின்று, தென்னைக்கு எருவும் தரும். நாள்தோறும் முளையை மாற்றினால் சில மாதங்களில் காணி முழுவதும் வெளித்துவிடும். ஆனால் நாயுண்ணிச் செடி மாட்டுக்கு நஞ்சாகையால் அதை மனிதரே வெட்டி அகற்றவேண்டும். ஓலை எட்டாத உயரத்துக்கு வளரும்வரை தென்னம்பிள்ளைகளுக்கு வேலியும் வேண்டும்.

நண்பருக்கு மனம் குளிர்ந்தது. காணியின் மேற்கு ஓரத்தைச் சுட்டி, “அங்கும் கட்டிவிட்டால் வீட்டிலிருந்தே கடலைப் பார்க்கலாமே!” என்றார்.

அங்கே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணல்மேட்டை மூடிப் படர்ந்திருந்தன. ஆச்சி இம்முறை சிரிக்கவில்லை.

“அதைத் தொடவேண்டாம், தம்பி. அந்தக் கொடி போனால் மணல் போகும். மணல் போனால் தென்னையும் போகும்.”

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதன் பொருளை அன்றுதான் கண்ணாரக் கண்டோம். நாம் களை என்று நினைத்தது, நண்பரின் வாழ்நாள் சேமிப்பைக் காக்கும் கரையாக இருந்தது.

மாலையில் முதல் முளையை அடித்தபோது, நண்பர் கயிற்றை இரண்டு முழம் குறுக்கிக் கட்டினார். ஆச்சி வேலியோரம் நின்று பார்த்துத் தலையசைத்தார்.