அப்பா காலண்டரில் போட்ட வட்டம்

கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்த மறுநாள் அப்பா போன் செய்தார். "பாப்பா, பில் போடுற பக்கம் திறக்கவே மாட்டேங்குதும்மா." குரலில் சுரத்தே இல்லை. "வயசானவங்களுக்குப் புதுசு பழகாது" என்று கடையில் யாரோ சொல்லிவிட்டார்களாம்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். தப்பு அப்பா மேல் இல்லை. கடையின் பழைய பில்லிங் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும். அதை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் நிறுத்திவிட்டது. ஆனால், எட்ஜ் பிரவுசருக்குள் அந்தப் பழைய வசதி ஒளிந்திருக்கிறது. குறைந்தது 2029 வரை இருக்குமாம்.

செட்டிங்ஸில் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போய், 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட்'-ஐ அனுமதித்தேன். எட்ஜை மூடித் திறந்து, கடையின் முகவரியை மட்டும் அங்கே சேர்த்தேன். "மத்த பக்கத்தையும் சேர்த்துடேன்" என்றார் அப்பா. "வேணாம்ப்பா, பழைய வசதியில பாதுகாப்பு கம்மி. தேவையானது மட்டும் போதும்."

பில் பக்கம் திறந்தது. ஆனால், இந்த அனுமதி 30 நாளுக்குத்தான். பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். சேர்த்ததை அழிக்கச் சொல்லி, அப்பாவே மூன்று முறை செய்து பழகினார். காலண்டரில் தேதியை வட்டம் போட்டார்.

அந்தத் தேதி போன வாரம் வந்தது. நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழைப்பே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "பக்கத்துக் கடைக்கும் நான்தான் செஞ்சு குடுத்தேன், பாப்பா."