ஒன்றேகால் மணி நேரம்

லண்டனிலிருந்து பாரீஸ் வான்வழியாக ஏறத்தாழ 340 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி என்பது பயணச்சீட்டுக் கணக்கு. அந்தக் கணக்கில் நாங்கள் ஒருபோதும் போய்ச் சேர்ந்ததில்லை. விமான நிலையம் செல்வது, காலணி கழற்றிச் சோதனைக்கு நிற்பது, ஷார்ல் த கோலில் இறங்கி நகருக்குள் வருவது என அரைநாள் கரைந்துவிடும்.

2009இல், அக்காவுக்கு நினைவு தப்புகிறது என்று செய்தி வந்த காலையில், செயின்ட் பாங்க்ராஸில் ரயிலேறினோம். இரண்டேகால் மணிப் பயணம். அதில் 1994இல் திறக்கப்பட்ட சுரங்கத்துக்குள் இருபது நிமிடம். அக்காலத்தில் அங்கே கைபேசி இயங்காது. ஆகாயத்தில் என்றால் முழுப் பயணமுமே அப்படித்தான் கழிந்திருக்கும். கலே வெளிச்சத்தில் அது உயிர்பெற்றபோதும் எவரும் தொடவில்லை.

கார் து நோரிலிருந்து மருத்துவமனைக்கு நடை தூரமே. அக்கா விழித்திருந்தார். “பிளேனிலா வந்தீர்கள்?” என்றார்.