சாவாத ஆடும் நம் பேரவை நிதியும்

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்)



நம் மாவட்டத்தின் பெயரிலேயே தருமம் இருக்கிறது. சேலத்திலிருந்து வந்து படிக்கும் நண்பன் ஒருவன் இதை வைத்தே கிண்டல் செய்வான். "பேருதான்டா தருமபுரி, ஒரு டீ வாங்கித் தர மாட்டேங்கறீங்களே!" 1965-இல் சேலத்தை விட்டுப் பிரிந்து தனி மாவட்டம் ஆனோமே, அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

டீ விஷயம் கிடக்கட்டும். கொடுக்கிற கை நம் பக்கம் நிறையவே இருக்கிறது. திருவிழா வரி, கோயில் திருப்பணி, விபத்து, ஆஸ்பத்திரி செலவு என்று யார் நோட்டை நீட்டினாலும் இருக்கிறதைப் போடுகிறோம். ஆனால் போட்ட பணம் அடுத்த வருஷம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் இடிக்கிறது.

எங்கள் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன். பெயர் வேண்டாம். நன்றாகப் படிக்கிற பையன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அவன் அப்பா சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வீட்டோடு வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி ஒரே நாளில் 4,350 ரூபாய் சேர்த்தோம். கேன்டீன் அண்ணன்கூட நூறு ரூபாய் போட்டார். அந்த செமஸ்டர் ஓடியது. அடுத்த செமஸ்டர்? அவன் அப்பாவின் இடுப்பு அப்படியேதான் இருந்தது. சேர்ந்த பணம்தான் தீர்ந்து போயிருந்தது. "மறுபடியுமா மச்சான்?" என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் வீட்டிலும் கஷ்டம். இப்போது அவன் ஓசூரில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். பாக்கி இரண்டு செமஸ்டர் அப்படியே நிற்கிறது.

பள்ளியில் எங்கள் தமிழய்யா ஒரு கல்வெட்டுச் செய்தி சொல்வார். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுப்பார்களாம். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு செத்தால் அந்த இடத்துக்குக் குட்டி வந்துவிடும். கணக்கில் 96 குறையாது. அதனால் அதற்குப் பெயரே 'சாவா மூவாப் பேராடு', அதாவது சாகாத, கிழடாகாத ஆடு! தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. கொடுத்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் விளக்கு எரிந்தது. நம் ஊர் வசூலோ 96 ஆட்டையும் அன்றைக்கே பிரியாணி போட்டு முடிக்கிற வசூல்.

இதே கணக்கைத்தான் 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் பிரெடரிக் காஃப் என்ற வங்கிக்காரர் புதிதாகப் போட்டார். அதற்குச் சமூக அறக்கட்டளை என்று பெயர். ஊரில் பலரும் கொடுக்கிற பணத்தை முதலாக வைப்பது. அதைத் தொடாமல் வருமானத்தை மட்டும் உள்ளூர்த் தேவைக்குக் கொடுப்பது. எந்தத் தேவைக்கு என்பதை அந்தந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் குழு கூடி முடிவு செய்வது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். அதற்கு முன்னால் பணக்காரர்கள் உயில் எழுதும்போதே செலவையும் கட்டிப்போட்டு விடுவார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் ஒருவர், மேற்கே குடியேறப் போகிற வழிப்போக்கர்களுக்கு உதவ என்று சொத்தை எழுதி வைத்தார். பிறகு ரயில் வந்தது, அப்படிப் போகிற ஆட்கள் குறைந்து போனார்கள். பணம் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை!

அவ்வளவு தூரம் போவானேன்? அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கி இருக்கிறது (சிட்லிங் என்றும் சொல்வார்கள்). 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற தம்பதியர் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று பெயர். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தை ஒரு வயது தாண்டாது. பிறகு அது 20-ஐ ஒட்டி இறங்கியது.

வெளியிலிருந்து நன்கொடை வந்தது உண்மை. ஆனால் நன்கொடையை மருந்தாகவே கொடுத்துத் தீர்க்கவில்லை. மலைக்கிராமத்துப் பெண்களுக்கே பிரசவம் பார்க்க, காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். சாகாத ஆடு என்று நான் சொல்வது அவர்களைத்தான். பயிற்சி பெற்றவர் ஊரிலேயே இருக்கிறார், அடுத்தவருக்கும் சொல்லிக் கொடுக்கிறார். வைத்தியத்தோடும் நிற்கவில்லை. இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது, சிறுதானியம் விற்கிறார்கள். மறந்து போய்க்கொண்டிருந்த லம்பாடித் தையல் 'போர்கை' என்ற பெயரில் பெண்களுக்கு வருமானமாகத் திரும்பி வந்தது. லம்பாடி பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று அர்த்தமாம்.

எல்லாவற்றையும் ஊர்ப் பணத்திலேயே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நம் நிலத்தடி நீரில் புளோரைடு இருக்கிறது, பல்லில் கறை, எலும்பில் வலி. அதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013-இல்தான் வந்தது. உண்டியல் குலுக்கி அதைச் செய்ய முடியுமா? அது அரசாங்கத்தின் வேலை. அரசாங்க விண்ணப்பத்தில் கட்டம் இல்லாத கஷ்டங்கள்தான் நம் வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 'ஊர்ப் பணம்' என்றால் யார் ஊர்? எங்கள் பாட்டி சொல்லும்: "ஊருக்குள்ள வீட்டுக்கு வீடு வரி வாங்குவாங்க கண்ணு, காலனிப் பக்கம் நோட்டு போகாது." நோட்டு போகாத தெருவுக்குச் செலவும் போகாது. அதனால் நாம் தொடங்குகிற நிதியில் எல்லோரிடமும் வாங்க வேண்டும், எல்லோரும் குழுவில் உட்கார வேண்டும்.

ஆம், நாம்தான்! ஒரு கல்லூரியில் 600 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் 10 ரூபாய், வருஷத்துக்குப் பத்து மாதம். 60,000 ஆயிற்றா? மூன்று வருஷத்தில் 1,80,000. அதை வங்கியில் போட்டு ஏழு சதவீதம் வந்தால் வருஷத்துக்கு 12,600. பெரிய தொகை இல்லைதான். ஆனால் பாதியில் நிற்கப் போகிற மூன்று பேரை உட்கார வைக்கப் போதும். நாம் டிப்ளமோ முடித்துப் போன பிறகும் அது வரும்.

பிரிவுக்கு ஒருவர், அதில் பாதிப் பேர் மாணவிகள், கூட ஒரு ஆசிரியர், ஒரு பழைய மாணவர். முதலில் கைவைக்கக் கூடாது. செமஸ்டருக்கு ஒரு முறை வரவு செலவு நோட்டீஸ் போர்டில் வர வேண்டும். வாங்கியவர் பெயர் மட்டும் வரக் கூடாது. எங்கள் வகுப்பு நண்பன் கூசிப் போனதே பெயர் தெரிந்ததால்தான்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இதுவரை 40 கையெழுத்து வாங்கியிருக்கிறேன். சிவில் முதலாமாண்டும் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாமாண்டும் பாக்கி. மதியம் ஒர்க்ஷாப் பக்கத்து வேப்பமரத்தடியில் இருப்பேன். வரும்போது பேனா கொண்டு வாருங்கள். என் பேனாவை யாரோ சுட்டுவிட்டார்கள்.